வளைந்த மேற்கோள்

கல்லடியில் மத்தியானப் புழுக்கம். நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளுக்கு 'கிட் ஸ்டேட்டஸ்' என்று நாள் முழுக்கத் தட்டிக் கை அலுத்துப்போய், சிநேகிதன் போனில் அனுப்பிய அலியாஸ் வரியை (கட்டளைக்குச் சுருக்கப்பெயர் வைப்பது) அப்படியே, கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் தொடங்கும்போது படிக்கிற பாஷ்ஆர்சி கோப்பின் அடியில் ஒட்டினேன். அசையவில்லை. சரி, கோப்பை மறுபடி படிக்கச் சொல்லும் சோர்ஸ் கட்டளையைக் கொடுக்க மறந்திருக்கிறேன். கொடுத்தேன். இப்போது 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'! கிட் இல்லையாம். காலையில்தானே அதில் கமிட் போட்டு மாற்றங்களைப் பதிந்தேன்?

இரண்டு பிளேன்டீ முடிந்த பிறகுதான் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேராக நிற்கவேண்டிய ஒற்றை மேற்கோள், பிறை மாதிரி வளைந்து கிடக்கிறது. போன் கீபோர்டின் கைவண்ணம். பாஷுக்கு ஆஸ்கி என்ற எழுத்துக்குறி அட்டவணையின் 39ஆம் குறிதான் ஒற்றை மேற்கோள். வளைந்தது வெறும் எழுத்து, கிட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த அலங்காரத்தை யார் கேட்டது?

அவனிடம் சொன்னால், "எனக்கு வேலை செய்யுதே மச்சான்" என்கிறான்.