இரண்டு சதவீதத்துக்கு எதற்கு நன்றி அட்டை?

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் புதுக் கழிப்பறை திறப்பு விழா. வெயிலில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், ஆளுக்கொரு அட்டை, அட்டைக்கொரு எழுத்து. சேர்த்துப் படித்தால் கம்பெனி பெயரும் நன்றியும். பந்தல் நிழலில் நாற்காலி போட்டுப் பெரியவர்கள். நேற்றிலிருந்து மனசு ஆறவில்லை.

கழிப்பறை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். பிள்ளைகள் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அது தானம் இல்லை. 2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. ஒரு வருடத்தில் 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்த்தாலே, முந்தைய 3 வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவழித்தாக வேண்டும். இதைத்தான் சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, என்கிறார்கள். 2021 முதல் செலவழிக்காமல் கையில் வைத்துக்கொண்டால் அபராதமும் உண்டு. வரி கட்டுகிறவருக்கு நாம் அட்டை பிடிக்கிறோமா?

"தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். தானமாக வந்தால் பார்க்க மாட்டேன் ஐயா. இது தானம் இல்லை.

"நன்றி சொல்லப் பழகினால் என்ன தப்பு?" தப்பே இல்லை. தினமும் அந்தப் பள்ளியைப் பெருக்குகிற அம்மாவுக்கு முதலில் சொல்லிப் பழகட்டும்.

நான் நாலு வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி பார்த்தவன். மார்ச் பிறந்தால், வருடக் கணக்கு முடிக்கிற கம்பெனிகளிடமிருந்து போன் ஓயாது. "பேனர் முழுசாத் தெரியணும், பயனாளிகள் சிரிச்ச முகமா இருக்கணும்." அப்படித்தான் பாலாற்றங்கரையில் ஓர் ஊருக்குப் போனோம். ஒரு தோல் கம்பெனியின் சிஎஸ்ஆர் பணத்தில் ஆர்ஓ பிளான்ட், அதாவது உப்பை நீக்கிக் குடிநீராக்கும் மெஷின். அங்கே ஓர் ஆயா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, கிணற்றுத் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டினார். ஒரு வாய் வைத்தேன், கரித்தது. டம்ளரின் உள்ளே வெள்ளையாக ஒரு வளையம். "புளி போட்டுத் தேச்சாலும் போகாது தம்பி. முன்னல்லாம் இந்தத் தண்ணியிலதான் பருப்பு வேகும்" என்றார். கிணற்றைக் கெடுத்தது எந்தக் கழிவு என்று ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சிஎஸ்ஆர் விதியும் தெளிவாகவே இருக்கிறது: வேறு சட்டத்தின்படி செய்ய வேண்டிய கடமையை இந்தக் கணக்கில் எழுதக் கூடாது. அப்படியென்றால் கிணற்றுக்கான கடன் தனி, இரண்டு சதவீதம் தனி. ஊருக்கு வந்ததோ ஒரே ஒரு மெஷின். எட்டு மாதத்தில் அதன் மெம்பரேன், தண்ணீரை வடிகட்டுகிற சவ்வு, அடைத்துக்கொண்டது. மாற்றப் பணம் யாரிடமும் இல்லை. பூட்டிவிட்டார்கள். திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

"நீயும் அந்தப் பணத்தில்தானே சம்பளம் வாங்கினாய்?" ஆமாம், வாங்கினேன். கேட்டவர் என் நண்பர் என்பதால் ராத்திரி தூக்கம் வரவில்லை. அன்றைக்கு முதல் டம்ளரை அந்த ஆயா கையில் கொடுத்து, "கேமராவப் பாத்துக் கும்பிடுங்க ஆயா" என்று சொன்னதே நான்தான். அவரும் கும்பிட்டார். இதைத் தெரிந்துதான் பேசுகிறேன், பொறாமையில் இல்லை.

எல்லாக் கம்பெனியும் அப்படியா என்றால், இல்லை. சத்தமில்லாமல் செய்து, பராமரிப்புக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தவில்லை.

தலைமை ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை அட்டைக் கட்டோடு யாராவது வந்தால், அந்தக் கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், அடுத்த வருடம் குழாய் உடைந்தால் யார் மாற்றுவார்கள் என்று கேளுங்கள். எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் வகுப்பிலேயே இருக்கட்டும்.