ஒரு திராட்சைதானே என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை கலிபோர்னியாவின் லிவர்மோரில், ஒயின் தயாரிக்கும் ஒயினரி ஒன்றில், நம் நண்பர் ஒருவர் என் நாய் மணிக்குத் திராட்சை கொடுத்தார், நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். அதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். "ஒரு திராட்சைக்காக மனுஷனைப் பார்த்துக் கத்துவதா?" என்று இன்பாக்ஸிலும் கேட்டாகிவிட்டது. சரி, நானும் சொல்லிவிடுகிறேன்.

திராட்சை நாய்க்கு விஷம். பச்சை, கறுப்பு, விதையில்லாதது, உலர்ந்தது, எல்லாமே. சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். இத்தனை வரை பரவாயில்லை என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஒரு நாய் கைநிறையத் தின்றும் தப்பிக்கும், இன்னொன்று சிலவற்றிலேயே படுத்துவிடும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். நம் புளியிலும் அதே அமிலம்தான். அம்மா இங்கே வந்திருந்தபோது மணிக்குச் சாம்பார் சாதம் பிசைந்து வைக்கப் போனார். ஒரு தடவை சொன்னேன், புரிந்துகொண்டார். எழுபது வயதில் அவருக்குப் புரிந்தது.

"நாயை அனுமதிக்கிற இடம்தானே, கொடுத்தால் என்ன?" என்கிறார் ஒருவர். அனுமதி என்றால் கயிற்றில் கட்டி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஒயின் ஊற்றிக் கொடுத்த அந்தப் பெண் முதலில் மணிக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். பிறகு, "பிஸ்கட் கொடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டாள். முன்பின் தெரியாதவள் கேட்டாள். நம் நண்பர் கேட்கவில்லை. சீஸ் தட்டிலிருந்து கொத்தோடு எடுத்து நீட்டினார். நான் மணியின் வாய்க்குள் விரல் விட்டு நசுங்கிய தோலைத்தான் எடுக்க முடிந்தது. அப்புறம் அவசர மருத்துவமனை, வாந்தி எடுக்க ஊசி, ரத்தப் பரிசோதனை. நீங்கள் அங்கே குரூப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஊரில் நாய்கள் மிச்சம் மீதி தின்றுதானே வளர்ந்தன என்கிறீர்கள். வளர்ந்தன. எத்தனை செத்தன என்று யார் கணக்கு எடுத்தோம்?

அவருக்குத் தெரியாது, அன்பில் கொடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். தெரியாவிட்டால் கேட்க வேண்டும். கேட்காமல் என் நாய்க்கு எதையும் கொடுக்காதீர்கள். இவ்வளவுதான் நான் அன்றும் சொன்னது.

ஆனால், "குழந்தை இல்லாதவர்கள் இப்படித்தான் நாயைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள்" என்ற கமென்ட்டுக்கும் திராட்சைக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு ஹார்ட் போட்டவர்கள் யார் யார் என்று பார்த்தேன். என் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவர்கள். மணி உங்கள் பிள்ளைகளோடு விளையாடியபோது நீங்களே வீடியோ எடுத்திருக்கிறீர்கள்.

நண்பரிடம் மன்னிப்புக் கேட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்று சமாதானம் பேசுகிறவர்களுக்கு: கேட்க மாட்டேன். மணி எப்படி இருக்கிறான் என்று இதுவரை உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.