பழி சொன்ன வாய்களில் என்னுடையதும் ஒன்று

போன மாதம் பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த உறவினர் ஒருவர் ஆரம்பித்தார்: "ஒரே பிள்ளை என்று கால் தரையில் படாமல் வளர்த்தாள். அதுதான் பையன் இப்படி ஆகிவிட்டான்." பையனுக்கு வயது ஐம்பத்திரண்டு. மூன்றடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். அன்றிலிருந்து பெரியம்மா கேட்காத பேச்சில்லை. செல்லம் கொடுத்தாள், அதட்டி வளர்த்தாள் (இரண்டையும் ஒரே ஆள் சொன்னதுண்டு), காலாகாலத்தில் கல்யாணம் செய்து வைக்கவில்லை. நானும் கல்லூரி நாட்களில், "நீங்கள் அவனைத் தனியாக விட்டிருந்தால் சரியாகியிருப்பான்" என்று அவளிடமே சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் அரிசி களையப் போய்விட்டாள்.

இதெல்லாம் நம் ஊர்த் திண்ணைப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். படித்தவர்கள் இதையே கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். 1948-ல் அமெரிக்காவில் ஃபிரீடா ஃபிராம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்று எழுதினார். ஒருபக்கம் விலக்கி வைத்து, மறுபக்கம் ஆட்டிப்படைக்கும் தாயாம். எழுதியவரும் ஒரு பெண்தான். 1956-ல் கிரெகரி பேட்சன் என்ற மானுடவியலாளரும் கூட்டாளிகளும் 'இரட்டைப் பிணை' என்ற கருத்தைக் கொண்டுவந்தார்கள். வாய் ஒன்று சொல்ல உடம்பு வேறொன்று சொல்லும் வீட்டில், எப்படி நடந்தாலும் பிள்ளை தப்பாகிவிடுவான் என்பது சாரம். அவர்கள் காட்டிய உதாரணம்: மருத்துவமனைக்குப் பார்க்க வந்த தாயின் தோளில் மகன் கை போடுகிறான், அவள் விறைக்கிறாள். அவன் கையை எடுத்தவுடன், என் மேல் உனக்குப் பாசம் இல்லையா என்கிறாள்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியம்மாவும் அப்படி விறைப்பாள். ஆனால் அண்ணனுக்கு நோய் வருவதற்கு முன் அவள் அப்படி இல்லை. இன்று நல்ல நாளா, கெட்ட நாளா என்று மகன் முகத்தைப் பார்த்துப் பத்து வருடம் கணக்குப் போட்டால் யார் தோளும் விறைக்கும். விளைவைப் பிடித்துவைத்துக்கொண்டு அதையே காரணம் என்றார்கள்.

1966-ல் லெனார்ட் ஹெஸ்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வெளியிட்ட ஆய்வு இந்தப் பழியை அசைத்தது. மனச்சிதைவு இருந்த தாய்மார்களிடமிருந்து பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு, வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு நோய் வந்தது. அதேபோல் பிரிந்து வளர்ந்த, தாய்க்கு நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வளர்க்காத தாயின் வளர்ப்பை எப்படிக் குறை சொல்வது?

எல்லாம் மரபணுதான் என்று கையைக் கழுவவும் முடியாது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த, மரபணு ஏறக்குறைய ஒன்றேயான இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. நெருக்கடியான நகரத்தில் வளர்வது, புலம்பெயர்ந்த இடத்தில் ஒதுக்கப்படுவது, சிறுவயதில் கொடுமைக்கு ஆளாவது எல்லாம் அபாயத்தைக் கூட்டுகின்றன. அதற்காக ஒரு வீட்டுக்குள் நுழைந்து 'இவளால்தான்' என்று விரல் நீட்ட முடியாது.

நோய் வந்த பிறகு வீடு என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. அதை ஒழுங்காகக் கேட்டவர் லண்டனில் ஆய்வு செய்த ஜார்ஜ் பிரவுன். மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய ஆண்கள், வாடகை அறைக்குப் போனவர்களைவிட அதிகமாக மறுபடி நோய் முற்றி வந்தார்கள். ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, மூச்சுமுட்டும் அக்கறை ஆகியவை உள்ள வீட்டில் நோய் திரும்புவது கூடுதல் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அப்படிப் பார்த்தால் அன்று நான் சொன்னதில் பாதி சரியோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் நான் யோசனை சொல்லவில்லை, குற்றம் சாட்டினேன். மாற்றி உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்திருந்தால் அவளும் கொஞ்சம் தள்ளி நின்றிருப்பாள்.

சண்டிகரில் செய்த ஆய்வில் இப்படிக் குறைசொல்லும் குடும்பங்கள் லண்டனைவிடக் குறைவு என்று தெரிந்தது. உடனே கூட்டுக் குடும்பத்தின் பெருமை பேசக் கிளம்பிவிடுகிறோம். எங்கள் வீட்டில் அந்தக் கூட்டு என்பது முப்பது வருடமாக ஒரே பெண்ணின் இடுப்பும் முழங்காலும்.

பந்தியில் யாரும் கேட்காததை அண்ணன்தான் கேட்டான்: "இரவு மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது?" தேடினோம். சமையலறையில் கடுகு டப்பாவுக்குப் பின்னால், கிழமை வாரியாகப் பொட்டலம் கட்டி, பெரியம்மாவின் கோணல் எழுத்தோடு இருந்தது. மூன்று வாரத்துக்குத்தான் வரும்.