சாலிங்கர் எழுதுவதை நிறுத்தினாரா?

அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிங்கர் 2010 ஜனவரி 27 அன்று, 91 வயதில் இறந்தபோது உலகெங்கும் வாசகர்கள் சொந்த உறவை இழந்ததுபோல் கலங்கினார்கள். அந்த அஞ்சலிகளோடு ஒரு தவறான தகவலும் சேர்ந்துகொண்டது: "ஒரே நாவல் எழுதினார், பிறகு பேனாவையே தொடவில்லை, மனித முகம் பார்க்காமல் செத்தார்."

நாவல் ஒன்றுதான், 1951இல் வந்த 'தி கேட்சர் இன் தி ரை'. ஆனால் அதன்பின் 1953, 1961, 1963 ஆகிய ஆண்டுகளில் மூன்று கதை நூல்கள் வந்தன. அவர் கடைசியாக வெளியிட்ட கதை 1965 ஜூனில் 'நியூ யார்க்கர்' இதழில் வந்தது. நின்றது பிரசுரம் மட்டுமே. 1974இல் 'நியூயார்க் டைம்ஸ்' நிருபரிடம் தொலைபேசியில் பேசியபோது, எழுதுவது தனக்குப் பிடிக்கும், ஆனால் தனக்காகவே எழுதுகிறேன், வெளியிடாமல் இருப்பதில் பெரும் அமைதி இருக்கிறது என்ற பொருளில் சொன்னார். கடைசிவரை தந்தை எழுதினார் என்றும், அவற்றை வெளியிடத் தயார்செய்வதாகவும் மகன் மேட் சாலிங்கர் 2019இல் உறுதிப்படுத்தினார்.

'மனித முகம் பார்க்காமல்' என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கார்னிஷ் என்ற சிற்றூரில் அவர் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். அக்கம்பக்கத்தாருடன் பழகினார், பக்கத்து ஊர் தேவாலய விருந்துகளுக்குப் போனார். அவர் வீட்டைத் தேடி வந்த அந்நியர்களுக்கு ஊரார் வழி சொல்ல மறுத்தார்கள். அவர் விலகி நின்றது புகழிடமிருந்து.