பறக்கவிட்டுக்கொண்டே கட்டுகிறார்களாம் விமானத்தை!

“விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே அதைக் கட்டி முடிப்பவர்கள் நாம்.” இந்த வசனத்தை முதலில் சொன்ன ஆளைத் தேடிப் பிடித்து, எங்கள் அலுவலகத்து வெள்ளிக்கிழமை ரிலீசில், அதாவது மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடும் வேலையில், ஓர் இரவு முழுக்க உட்காரவைக்க வேண்டும். மென்பொருள் கம்பெனி மேனேஜர்களுக்கு இது வேதவாக்கு. டெஸ்டிங்குக்கு ஒரு வாரம் கேட்டால் இந்த வசனம். பழைய சர்வரை மாற்றக் கேட்டால் இந்த வசனம். கூடவே திரையில் விசித்திரமான ஒரு சோதனை விமானத்தின் படம். அதற்கு மேல் ‘துணிந்து செய்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி.

மற்றவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் கொட்டாவி வரும். எனக்கு வயிறு எரிகிறது. தண்டையார்பேட்டையில் பள்ளி நாட்களிலிருந்து சோதனை விமானங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வளர்ந்தவன் நான். அந்த விமானங்களைக் கட்டியவர்கள் எங்கள் மேனேஜரைப்போல ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை.

சென்ற மாதம் வந்தது ஏடி-1 படம். நாசாவின் சிறிய ஜெட் அது. ஒரே நீள இறக்கை நடு அச்சில் சுழலும்; ஒரு முனை முன்னால் போகும், மறுமுனை பின்னால் போகும். பார்த்தால் யாரோ கோணலாக ஒட்டிவிட்டதுபோல இருக்கும். “பாருங்கள், இவர்கள் பயந்தார்களா?” என்றார் மேனேஜர். பயந்தார்கள் ஐயா, நன்றாகவே பயந்தார்கள்! 1979 டிசம்பரில் முதன்முதலில் பறந்தபோது இறக்கை நேராகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார்கள். ஒவ்வொரு சாய்வுக்கும் பறந்து, அளந்து, சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்கள். முழு 60 டிகிரியைத் தொட 1981 ஆகிவிட்டது. இத்தனைக்கும் அது குறைந்த செலவில் செய்த திட்டம். எங்கள் மேனேஜராக இருந்தால் முதல் நாளே 60 டிகிரி சாய்த்து, பயணிகளையும் ஏற்றியிருப்பார்.

பெரம்பூரில் இருக்கும் என் பெரியப்பா ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் கூட்டைக் கட்டும் ஷெல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வசனத்தை அவரிடம் சொன்னேன். “பெட்டியை லைனில் ஓடவிட்டுவிட்டா சக்கரம் மாட்டுகிறீர்கள்?” என்று கேட்டார். அவர் கேட்பதில் என்ன தப்பு? அங்கே 2018-இல் செய்த டிரெயின் 18, அதாவது இன்றைய வந்தே பாரத், மக்களை ஏற்றுவதற்கு முன் கோட்டா பக்கம் போய் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை ஓடிக்காட்டியது. புதுப் பெட்டி என்றால் காலியாக ஓட்டுவார்கள், சுமை ஏற்றி ஓட்டுவார்கள், ஆட்டத்தை அளப்பார்கள். லட்சக்கணக்கானவர்கள் பணம் கட்டும் மென்பொருளுக்கு எங்களிடம் நடக்கும் சோதனை, “உன் லேப்டாப்பில் ஓடுகிறதல்லவா? போடு” என்பதுதான்.

மேனேஜர்களுக்கு மிகவும் பிடித்தது வீரக்கதை. எப்-16 விமானத்தின் முன்மாதிரி 1974 ஜனவரி 20 அன்று தரையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும்போதே பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. ஓடுபாதையைவிட்டு விலகி நொறுங்குவதைவிட மேலே போவதே மேல் என்று விமானி தூக்கிவிட்டார். சில நிமிடங்களில் பத்திரமாக இறக்கினார். கதையை இங்கேயே நிறுத்திக் கைதட்டுவார்கள். அதன்பின் உட்கார்ந்து, கட்டுப்பாட்டு அமைப்பின் அதீத உணர்திறனைச் சரிசெய்துவிட்டு, பிப்ரவரி 2 அன்று அதிகாரபூர்வமாகப் பறக்கவிட்டார்களே, அது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

சுவீடனின் கிரிபென் போர் விமானத்தின் கதையை நான் ஒரு மீட்டிங்கில் சொல்லிப் பார்த்தேன். 1989 பிப்ரவரியில் அதன் முதல் முன்மாதிரி தரையிறங்கும்போது ஆட்டம் கண்டு ஓடுபாதையில் விழுந்து புரண்டது. காரணம் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். ஆம், நம் தொழில்தான்! விமானி உயிர் பிழைத்தார். அடுத்த முன்மாதிரி பறந்தது 1990 மே மாதத்தில். இடைப்பட்ட காலத்தில் அந்த மென்பொருளைத் திருத்தித் திருத்திச் சோதித்தார்கள். எங்களிடம் சர்வர் விழுந்தால் மறுநாள் காலையில் ‘மூல காரணம்’ என்ற தலைப்பில் ஓர் ஆவணம் தயாராகும். போன முறை விழுந்தபோது எழுதியதை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருப்பார்கள். அடுத்த வெள்ளி மீண்டும் ரிலீஸ்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, ‘நீ இல்லாவிட்டால் இது நடக்காது’ என்று தோளில் தட்டுவது.

கான்வேர் போகோ என்று ஒரு விமானம் இருந்தது. வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்குக் காட்டி நிற்கும்; நின்றபடியே எழும்பும்; நின்றபடியே இறங்கவும் வேண்டும். சிறிய கப்பல்களிலிருந்தும் போர் விமானம் கிளம்ப வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படை ஆசைப்பட்டதால் பிறந்தது. 1954-இல் அதை நேராக வெளியே பறக்கவிடவில்லை. வான்கப்பல் நிறுத்தும் பிரம்மாண்டமான கொட்டகைக்குள் கம்பிவடத்தில் கட்டிவைத்து எழுப்பிப் பார்த்தார்கள். பிறகு வெளியே பறந்தது, நன்றாகவும் பறந்தது. ஆனால் இறக்கும்போது விமானி முதுகை வளைத்து, தோளுக்கு மேல் பின்னால் திரும்பித் தரையைப் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். கை தேர்ந்தவரால் மட்டுமே முடிந்தது. ஆடும் கப்பலில் சாதாரண விமானியால் எப்படி முடியும்? திட்டத்தை மூடிவிட்டார்கள். ஒரே ஒருவரால்தான் இறக்க முடியும் என்றால் அது விமானத்தின் குறை என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

எங்கள் ரிலீசும் அப்படித்தான். எந்தக் கோப்பை முதலில் மாற்ற வேண்டும், எந்தச் சேவையை எப்போது நிறுத்த வேண்டும் என்பது என் தலைக்குள் மட்டும் இருக்கிறது. எழுதிவைக்க நேரம் கேட்டால் கிடைக்காது. எழுதிவைக்காததால் லீவும் கிடைக்காது. “ஏன்டா, அந்தக் கம்பெனியில் உன்னை விட்டால் வேறு ஆளே கிடையாதா?” என்று அம்மா கேட்கிறார். கிடையாது அம்மா. அதற்குப் பெயர்தான் பாராட்டு. போன ஆண்டு ஒரு பரிசுக் கோப்பையும் கொடுத்தார்கள்.

இந்தப் பெருமைக்காக வெள்ளி இரவு பழைய மகாபலிபுரம் சாலையில் கடைசி பஸ்ஸும் போன பிறகு நிற்க வேண்டும். வாடகைக் கார் வரும். தண்டையார்பேட்டை என்றதும் ஓட்டுநர் பயணத்தை ரத்து செய்வார். அடுத்தவரும் அப்படியே. வட சென்னை என்றால் வேறு மாநிலம் என்று நினைப்பார்கள்போல. மழைக்காலமாக இருந்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் என்பார்கள். நான் அந்த வழியாகப் போக வேண்டியதே இல்லை!

எக்ஸ்-29 என்ற விமானத்தின் இறக்கைகள் முன்னோக்கி வளைந்திருக்கும். தானாக நிலையாகப் பறக்கவே முடியாதபடி வேண்டுமென்றே வடிவமைத்தார்கள். ஆகவே மூன்று கணினிகள் வைத்து, அவற்றுக்கு மாற்று ஏற்பாடும் வைத்து, நொடிக்கு 40 முறை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். துணிச்சல் எவ்வளவோ அவ்வளவு காப்பும் இருந்தது. நாங்கள் கேட்டது ஒரேயொரு சோதனை சர்வர். பட்ஜெட் இல்லை என்று பதில் வந்தது.

அடுத்த ரிலீஸ் வெள்ளி மாலை ஐந்தரைக்கு. ஒப்புதல் படிவம் வந்திருக்கிறது. ‘கோளாறு ஏற்பட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி’ என்ற கட்டத்தில் மேனேஜர் தம் கையாலேயே நிரப்பியிருக்கிறார்: ‘தேவைப்படாது’.