பெயரில் நாரை, உறவில் முக்குளிப்பான்

பறவைகளைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கலந்துரையாடலைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவைக்குக் கழுகைவிடக் கிளிதான் நெருங்கிய சொந்தம் என்று நான் சொன்னதும் எழுந்த சிரிப்பை மட்டும் தனியே வெட்டி, என் முகம் தெரியும்படி குழுக்களில் பகிர்ந்திருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் நான் சொன்ன விளக்கம் அந்தக் காணொளியில் இல்லை.

நான் சொன்னது என் கற்பனை அன்று. 2008இல் 169 பறவையினங்களின் மரபணுப் பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு அதைச் சொன்னது. 2014இல் 48 இனங்களின் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோதும் வல்லூறுகள் கிளிகளுக்கும் சிட்டுகளுக்கும் அருகில்தான் நின்றன. வளைந்த அலகும் கூரிய நகமும் இரைபிடித்து வாழும் வாழ்க்கை தந்தவை. அவற்றை வைத்து இரத்த உறவைச் சொல்ல முடியாது. உருவம் வேறு, உறவு வேறு.

நம் பெயர்களையே பாருங்கள். நீண்ட காலையும் கழுத்தையும் கண்டு பூநாரை என்று பெயர் வைத்தோம். மரபணுவோ அதை நாரைகளிடமிருந்து பிரித்து, குளத்தில் மூழ்கி மூழ்கி எழும் குட்டை உருவ முக்குளிப்பானோடு சேர்க்கிறது. வல்லூறு என்ற ஒரே சொல் இரு வேறு குடும்பத்துப் பறவைகளுக்கு நம்மிடையே வழங்குகிறது. பெயர் வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை; கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அவர்களால் பெயர் வைக்க முடிந்தது.

"இன்று ஒன்று சொல்வீர்கள், நாளை மாற்றுவீர்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மாறியது உண்மைதான். ஹோட்சின் என்ற தென்னமெரிக்கப் பறவையின் இடம் இன்னும் உறுதியாகவில்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்ததை ஒட்டிய காலத்தில் பறவைகளின் கிளைகள் மிகக் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்துப் பிரிந்ததால், எது முதலில் பிரிந்தது என்று பிரித்தறிவது கடினமாக இருக்கிறது. அதனால்தான் 2020இல் 363 இனங்களின் மரபணுத் தொகுதிகளைத் திரட்டினார்கள். தெரியாததைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்து, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது என்ன நியாயம்?

"பறவையைக் குத்தி இரத்தம் எடுப்பவர்கள்" என்ற பழிதான் என்னை அதிகம் வருத்தியது. இறக்கையின் அடியில் இறகுகளைச் சற்று நனைத்து விலக்கினால் நீல நிறத்தில் இரத்தக் குழாய் தெரியும். ஊசி முனையால் ஒரு துளி எடுத்து, இரத்தம் நிற்கும் வரை பஞ்சை அழுத்திப் பிடித்திருந்து பறக்க விடுவோம். பறவைகளின் சிவப்பணுக்களில் மரபணுவைத் தாங்கிய உட்கரு உண்டு. நம் சிவப்பணுக்களில் இல்லை. அதனால் ஒரு துளியே போதும். முதன்முறை நான் பிடித்த சிட்டின் நெஞ்சு என் விரலிடையே துடித்தது இன்னும் நினைவிருக்கிறது; அதை விட்ட பிறகும் வெகுநேரம் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பறவையின் மீது அன்பில்லாதவன் என்று என்னைச் சொல்பவர்கள் அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும்.

பழைய சேகரிப்புகளில் இருக்கும் பதப்படுத்திய உடல்களுக்கு இரத்தம் இல்லை. கால் விரலின் அடித்தோலில் ஒரு சிறு சீவல் எடுத்தால், என்றோ இறந்த பறவையின் உறவும் தெரியவரும். மடகாஸ்கரில் அழிந்துபோன யானைப் பறவையின் எலும்பிலிருந்து எடுத்த மரபணு, அதன் நெருங்கிய உறவு நியூசிலாந்தின் சிறிய கிவி என்று 2014இல் காட்டியது. இத்தனை பெரிய உடலுக்கும் அத்தனை சிறிய உடலுக்கும் உள்ள உறவைக் காட்டில் எத்தனை ஆண்டு நின்றாலும் கண்ணால் கண்டுபிடித்திருக்க முடியுமா?

அன்று முதலில் சிரித்தவர் என் ஆசிரியர். குரலை வைத்துப் பறவையை அறிய எனக்குக் கற்றுத் தந்தவர். "முப்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாததா?" என்று கேட்டார். ஐயா, நீங்கள் பார்த்ததில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. 2008 ஆய்வுக் கட்டுரையை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். படித்த பிறகும் நான் சொன்னது தவறு என்று தோன்றினால், அந்தக் காணொளிக்குக் கீழேயே எழுதுங்கள். அங்கேயே பதில் சொல்கிறேன்.