குறிப்பு பாட்டாகவே இருக்கட்டும்

ஜனவரி பிறந்துவிட்டால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் ஒரு வாக்குவாதம் தவறாமல் கிளம்பும். செயின்ட் பால் நகரத்துக் குளிர்காலத் திருவிழாவில் ஒரு புதையல் வேட்டை நடக்கிறது. அதற்கான குறிப்புகளை, நாளுக்கு ஒன்றாக, அடி ஈற்றில் ஓசை ஒத்து வரும் பாட்டாகத்தான் தருகிறார்கள். "எதற்கு இந்தச் சுற்றிவளைப்பு? எந்தப் பூங்கா, எந்த மரம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே" என்பது ஒரு கட்சி. அண்மையில் இன்னொரு கட்சியும் சேர்ந்துகொண்டது: "பாட்டை அப்படியே செயற்கை நுண்ணறிவிடம் கொடுங்கள், ஒரு நிமிடத்தில் விடை வந்துவிடும்." இரண்டு கட்சியோடும் எனக்கு உடன்பாடு இல்லை. துண்டு துண்டாக அங்கே சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். பதிவு நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1885இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு நிருபர், "இது இன்னொரு சைபீரியா, குளிர்காலத்தில் மனிதர் குடியிருக்க லாயக்கில்லாத ஊர்" என்று எழுதிவிட்டுப் போனாராம். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர் சொல்லிவரும் கதை இது. அதற்குப் பதில் சொல்வதுபோல 1886இல் பனிக்கட்டிகளை அறுத்து அடுக்கி ஒரு மாளிகையே கட்டி, குளிர்காலத் திருவிழாவைத் தொடங்கிவிட்டார்கள். பனிக்காற்றின் அரசன் போரியாஸ் ஊரை ஆள்வதும், நெருப்பின் அரசன் வல்கனின் படை வந்து அவனை விரட்டுவதும் ஆண்டுதோறும் தெருக்களில் நடக்கும். புதையல் வேட்டை 1952இல் இதோடு சேர்ந்தது. நடத்துவது உள்ளூர்ப் பத்திரிகையான பயனியர் பிரஸ். 1849இல் மினசோட்டாவின் முதல் செய்தித்தாளாகப் பிறந்த பத்திரிகையின் வழி வந்தது அது.

விதிகள் எளிமையானவை. செயின்ட் பால் அடங்கிய ராம்சி கவுண்டியின் (மாவட்டம் போன்றது) பொதுப் பூங்காக்களில் ஏதோ ஓரிடத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பதக்கத்தை ஒளித்து வைத்திருப்பார்கள். மொத்தம் 12 குறிப்புகள். கண்டெடுப்பவருக்கு 10,000 டாலர் வரை பரிசு. ஆனால் முழுத் தொகையும் கிடைக்க வேண்டுமானால் சட்டையில் குத்திக்கொள்ளும் திருவிழாப் பட்டனை வாங்கிப் பதிவு செய்திருக்க வேண்டும், பத்திரிகையில் வந்த குறிப்புகளும் கையில் இருக்க வேண்டும். பாட்டு எழுதுபவர் யார் என்பது ரகசியம். பதக்கம் கிடைத்த பிறகு, எந்த அடிக்கு என்ன பொருள் என்று பத்திரிகையே விளக்கம் வெளியிடும்.

முதல் சில குறிப்புகளை வைத்துக்கொண்டு எந்த இடத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது. புதிதாக வந்தவர்கள் எரிச்சலடைவது இங்கேதான். முதல் பாட்டு வாழ்த்துப்பா போல இருக்கும். இரண்டாவது, மூன்றாவது பாட்டுகள் பத்துப் பூங்காக்களுக்குப் பொருந்தும். நடுவில் வருபவை வட்டத்தைச் சுருக்கும். பன்னிரண்டாவது பாட்டு கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் நிறுத்தாத குறை. அந்தப் பன்னிரண்டாவதை முதல் நாளே கொடுத்துவிட்டால் என்ன என்பதுதான் நேராகச் சொல்லச் சொல்பவர்களின் கேள்வி. கொடுத்துவிட்டால், பூங்காவுக்கு அருகில் குடியிருப்பவரோ வேகமாகக் கார் ஓட்டுபவரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரே இரவில் வேட்டை முடிந்துவிடும். ஊர் முழுக்க பன்னிரண்டு நாள் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

பாட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். பத்திரிகையின் பாட்டை இங்கே போட விரும்பவில்லை. அதே பாணியில் நானே ஒன்று கட்டியிருக்கிறேன்:

பனியில் பூத்த பளிங்கு மாளிகை
பார்த்த கண்களில் இன்னும் நிற்கும்;
இனியங்குச் சென்றால் இல்லை சுவர்கள்,
ஏரி மட்டும் சாட்சி சொல்லும்.

முதல் அடியைப் படித்ததும் பலருக்கும் கோமோ பூங்காதான் நினைவுக்கு வரும். அங்கே 1915இல் திறந்த கண்ணாடிக் கூரைத் தோட்டம் இருக்கிறது. வெளியே பாரன்ஹீட் கணக்கில் பூச்சியத்துக்குக் கீழே குளிர் அடிக்கும்போதும் உள்ளே பூக்கள் பூத்துக் குலுங்கும். பக்கத்திலேயே ஏரியும் உண்டு. சரி, மண்வாரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாமா? மூன்றாம் அடி தடுக்கிறது. அந்தக் கண்ணாடி வீட்டின் சுவர்கள் இன்றும் நின்றுகொண்டிருக்கின்றனவே. அப்படியானால் மாளிகை, திருவிழாவுக்காகக் கட்டிய பனி மாளிகையாக இருக்கலாம். எந்த ஆண்டு மாளிகை? 1886இன் முதல் மாளிகை நின்றது சென்ட்ரல் பூங்காவில். இன்று அந்தப் பூங்காவே இல்லை. 1992இல் கட்டியது ஹாரியட் தீவில். அங்கே ஓடுவது மிசிசிப்பி ஆறு, ஏரி கிடையாது. 2018இல் கட்டியது நகரின் நடுவே ரைஸ் பூங்காவில். அங்கே தண்ணீர் என்று பார்த்தால் ஒரு நீரூற்றுதான். மிஞ்சுவது 1986. திருவிழாவின் நூற்றாண்டுக்காக ஃபேலன் ஏரிக்கரையில் 120 அடிக்கும் மேலான உயரத்தில் எழுப்பிய மாளிகை. ஏரி அப்படியே இருக்கிறது. "பார்த்த கண்கள்" இந்த ஊரில் இன்னும் ஏராளமாக இருக்கின்றன.

இதுவும் முடிவான விடை அன்று. இடையில் வேறு ஆண்டுகளிலும் மாளிகைகள் கட்டியிருக்கிறார்கள். அடுத்த நாள் பாட்டு வந்து நம் கட்டுமானம் முழுவதையும் கலைத்துவிடக்கூடும். ஆனால் நான்கு வரிகளை வைத்துக்கொண்டு இந்த நகரத்தின் நூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாற்றில் எவ்வளவு தூரம் நடந்துவிட்டோம் பாருங்கள். "ஃபேலன் பூங்கா, வடக்குக் கரை" என்று எழுதியிருந்தால் இதில் ஒரு சொல்கூட நமக்குத் தெரிந்திருக்காது. பாட்டு வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஊருக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும் எனக்கு ஊர் தெரியாமலேயே இருந்தது. அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி, இந்திய மளிகைக் கடை, கோயில். பக்கத்து வீட்டில் இருக்கும் மூதாட்டியிடம் வானிலையைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை. ஒரு ஜனவரியில் குறிப்பு ஒன்று புரியாமல் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாய்விட்டு இரண்டு முறை படித்தார். பிறகு கணப்படுப்பின் மேலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து வந்தார். ஃபேலன் ஏரிக்கரையில், நீல விளக்கொளியில் நிற்கும் பனிச் சுவரின் முன்னால் அவருடைய கணவரும் பிள்ளைகளும். "இவருக்கு அன்று காது மரத்துப்போய்விட்டது. ஆனாலும் வீட்டுக்கு வர மறுத்துவிட்டார்" என்றார். அதன் பிறகு, ஈஸ்ட் சைடு பகுதியில் எந்தக் கடை எங்கே இருந்தது, எந்த ஆலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதும், யார் வீட்டுத் தோட்டம் வழியாகக் குறுக்கே நடந்து பள்ளிக்குப் போவார்கள் என்று இருட்டும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டு பதக்கத்தை யாரோ எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் இரு வீடுகளுக்கும் இடையே போக்குவரத்து தொடங்கியது அன்றுதான். ஒரு முதியவரிடம் போய் "பழைய ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று திடீரென்று கேட்டால் இருவருக்குமே சங்கடமாக இருக்கும். கையில் ஒரு பாட்டு இருந்தால் அந்தச் சங்கடம் இல்லை.

ஸ்வீடு ஹாலோ என்ற பள்ளத்தாக்கைப் பற்றி நான் அறிந்ததும் இப்படி ஒரு தேடலில்தான். ஹேம்ஸ் மதுபான ஆலைக்குக் கீழே, ஓடைக்கரையில், கைக்கு வந்ததைக் கொண்டு கட்டிய குடிசைகளின் ஊர் அது. முதலில் ஸ்வீடன்காரர்கள் குடியேறினார்கள். அவர்கள் மேலே ஏறிப்போனதும் இத்தாலியர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு மெக்சிகோக்காரர்கள். 1956 டிசம்பரில், சுகாதாரக் கேடு என்று சொல்லி நகர நிர்வாகமே மிச்சமிருந்த வீடுகளுக்குத் தீ வைத்தது. இன்று அது மரங்களும் நடைபாதையும் உள்ள ஓர் அமைதியான பூங்கா. அந்தப் பாதையில் நான் பலமுறை நடந்திருக்கிறேன், ஒன்றும் தெரியாமல். வந்து குடியேறியவர்களின் வரிசையில் கடைசியாக வந்து நிற்கும் எங்களைப் போன்றவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி, இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம் என்பவர்களுக்கு. கொடுத்துப் பார்க்கலாம், தவறில்லை. பூங்காக்களின் பட்டியலை அது தரும், வரலாற்றையும் ஓரளவு சொல்லும். ஆனால் இந்தக் குறிப்புகளே பல விடைகள் பொருந்தும்படி வேண்டுமென்றே எழுதப்படுகின்றன. பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். மேட்டின்மேல் நின்றால் தேவாலயக் கோபுரம் தெரிகிறதா, இலை உதிர்ந்த பிறகு அந்தப் பாலம் எப்படித் தெரிகிறது, ரயில் போனால் இங்கே சத்தம் கேட்கிறதா என்பதெல்லாம் காலால் நடந்து தெரிந்துகொள்ள வேண்டியவை. அதைவிட முக்கியமானது, ஒரு நிமிடத்தில் விடை கிடைத்தவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்.

தேடுவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், படங்களைப் பார்த்து மயங்குபவர்கள் இருக்கிறார்கள். பனியின் மேற்பரப்பு அப்பளம்போல் பொருக்குக் கட்டியிருக்கும். கால் வைத்தால் உடைந்து முழங்கால் வரை இறங்கும். பொருக்கை உடைத்து, கீழே இருக்கும் பொடிப் பனியை மண்வாரியால் கிளறி, வருவதையெல்லாம் எடுத்துப் பார்க்க வேண்டும். பதக்கம் பெரும்பாலும் பளிச்சென்று கிடக்காது, யாரோ வீசியெறிந்த குப்பைபோல வேடம் போட்டுக் கிடக்கும். எனவே ஒற்றைக் கையுறை, உறைந்த காபிக் கோப்பை, பிஸ்கட் உறை என்று எதையும் விட முடியாது, பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். பிரிக்கக் கையுறையைக் கழற்றினால் சில நிமிடங்களில் விரல் நுனிகளில் உணர்வு போய்விடும். குடுவையில் சூடான சுக்குக் காபி கொண்டுபோவது எங்கள் வழக்கம். அடுத்த மரத்தடியில் கிளறிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாதவருக்கும் ஒரு கோப்பை கொடுப்போம். பதிலுக்கு அவர் தன்னுடைய ஊகத்தைச் சொல்வார். முழுவதையும் சொல்லமாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம்.

இந்த வேட்டையில் எனக்குக் குறையே தெரியவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டுகள் பெரும்பாலும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் நினைவைத் தொட்டுத்தான் எழுதப்படுகின்றன என்று புதியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூடிப்போன கடை, பழைய விளம்பர வாசகம், மழலையர் பள்ளிப் பாட்டு எல்லாம் வந்து போகும். அதற்கு மருந்து, பாட்டையே ஒழிப்பதில் இல்லை. பாட்டுக்குள் இன்னும் பலர் வர வேண்டும். தென்கிழக்காசியாவிலிருந்து வந்த மங் மக்கள் அமெரிக்காவிலேயே மிக அதிகமாக வாழும் நகரங்களில் ஒன்று இது. சோமாலியர்களும் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களும் இங்கே வேரூன்றிவிட்டார்கள். அவர்களுடைய சந்தையும் சமையலும் விழாவும் குறிப்புகளில் நிறைய இடம் பெறட்டும். அப்போது பரம்பரை பரம்பரையாக இங்கே இருப்பவர் ஒரு பாட்டைப் புரிந்துகொள்ள மங் குடும்பத்தின் கதவைத் தட்ட நேரும். அதைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை.

இன்னொரு வருத்தம், அவசரக்காரர்களால் வருவது. கிளற வேண்டியது பனியை மட்டும்தான். புதர்களை ஒடிப்பதும், நடைபாதை ஓரத்துக் கற்களைப் பெயர்ப்பதும், ஊகம் தவறியதும் கோபத்தில் குழிகளை அப்படியே விட்டுப் போவதும் வேட்டைக்காரர்களுக்கு அழகன்று. இந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களின் முன்னோர் புதைக்கப்பட்ட மேடுகள் இந்தியன் மவுண்ட்ஸ் பூங்காவில் இருக்கின்றன. எந்தக் குறிப்பு எப்படித் தோன்றினாலும் அந்த மேடுகளின்மேல் மண்வாரியோடு ஏறக் கூடாது. அதை மன்னிக்க முடியாத செயலாகவே கருதுகிறேன்.

ஒரு காலத்தில் இரவில் அச்சாகி வரும் முதல் பிரதிக்காகப் பத்திரிகை அலுவலக வாசலில் ஆட்கள் குளிரில் காத்துக்கிடந்து, கிடைத்ததும் தெருவிளக்கின் அடியில் நின்றே படித்து, அங்கிருந்தே பூங்காவுக்கு ஓடுவார்களாம். இன்று குறிப்பு கைபேசிக்கே வந்துவிடுகிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளூர்ப் பத்திரிகைகள் நாடெங்கும் மெலிந்துகொண்டிருக்கும் நேரத்தில், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு நகரம் முழுவதும் தன் பத்திரிகையில் வந்த சில வரிகளைச் சொல் சொல்லாகப் படிக்கிறது. அதற்காகவே நான் அச்சுப் பிரதியைக் காசு கொடுத்து வாங்குகிறேன். நீங்களும் வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நண்பர்களுக்கு நேரடியாக ஒரு வார்த்தை. பன்னிரண்டாவது குறிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். பல ஆண்டுகளில் அது வருவதற்கு முன்பே பதக்கம் போய்விடுகிறது. முதல் பாட்டிலிருந்தே கூட்டாகப் படிப்போம். பட்டனை வாங்கிய கையோடு பதிவு செய்துவிடுங்கள், குறிப்புகளைக் கத்தரித்து ஓர் உறையில் போட்டு வையுங்கள், கையுறை இரண்டு ஜோடி எடுத்துவாருங்கள். உங்கள் தெருவில் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் யாராவது இருந்தால் அழைத்துவாருங்கள், அவர் காருக்குள் அமர்ந்தபடியே யோசனை சொன்னாலும் போதும். முதல் குறிப்பு வெளியாகும் அன்று மாலை எங்கள் வீட்டில் கூடுகிறோம். பக்கத்து வீட்டு மூதாட்டியும் வருகிறார். வருபவர்கள் பின்னூட்டத்தில் பெயரைச் சொல்லிவிடுங்கள், எத்தனை பேருக்குச் சமைப்பது என்று தெரிய வேண்டும்.